இரண்டு சில்லா, நான்கு சில்லா? வரக்காப்பொல நிலமும் உழவு இயந்திரமும்

வரக்காப்பொல வட்டாரத்தில் வயலும் தோட்டமும் வைத்திருப்போர் முன்னால் இரண்டு வகை உழவு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து ஓட்டும் இரு சக்கர உழவு இயந்திரம். ஊர் அதை லாண்ட்மாஸ்டர் என்கிறது. மற்றது, இருக்கையில் அமர்ந்து ஓட்டும் நான்கு சக்கர உழவு இயந்திரம். ஊர் வழக்கில் பெரிய டிரக்டர். முதலாவதில் 10 முதல் 15 குதிரை வலு தரும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரம் இருக்கும். இரண்டாவதில் பெரும்பாலானவை 35 முதல் 50 குதிரை வலுவுக்கு உட்பட்டவை. விலை, எடை, வேலை, ஆபத்து ஆகிய நான்கிலும் இவை வேறுபட்டவை. எதை வாங்குவது என்பதை முடிவு செய்யவேண்டியது நிலம். கொழும்பிலிருந்து கண்டி வீதியில் வரக்காப்பொல வரை சென்று, அங்கிருந்து நெலுந்தெனியவுக்கும் தெதிகமவுக்கும் போகும் ஒரு பகல் பயணத்தில் அந்த முடிவுக்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

தென்னையிலிருந்து இறப்பருக்கு

கொழும்பிலிருந்து வரக்காப்பொல ஏறத்தாழ 60 கிலோமீற்றர். யக்கல, நிட்டம்புவ, பஸ்யால வரை வீதியின் இருபுறமும் தென்னை. தரை பெரும்பாலும் சமன். மேடு இருந்தாலும் மெல்லிய மேடு. தென்னைக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 26 அடிக்கு 26 அடி; ஏக்கருக்கு 64 மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் 6 அடி ஆரமுள்ள வட்டத்தை வேருக்கும் உரத்துக்கும் விட்டாலும், இரண்டு வரிசைகளுக்கு நடுவே 14 அடி மிஞ்சும். ஆறடி அகலமுள்ள பெரிய டிரக்டர் அதற்குள் போய்வரத் தடையில்லை. புல் வெட்டும் கருவி, வட்டுக் கலப்பை, தேங்காய் ஏற்றும் பெட்டி, தண்ணீர்த் தாங்கி என்று ஒன்றை மாற்றி ஒன்றைப் பூட்டி ஆண்டு முழுவதும் வேலை வாங்கலாம். இந்த நிலத்தில் கேள்விக்கே இடமில்லை. பத்து ஏக்கர் தென்னை உள்ளவருக்கு நான்கு சக்கரம் பொருந்தும்.

பஸ்யாலவுக்கு அருகே வீதியோரத்தில் முந்திரிப் பருப்பு விற்கும் கஜுகமவைக் கடந்ததும் நிலம் மடியத் தொடங்குகிறது. குன்றுகள் நெருங்கி வருகின்றன. தென்னை குறைந்து இறப்பர் கூடுகிறது. இறப்பர் குன்றின் மேலும் வயல் அதன் காலடியிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வீடும் பலாவும் பாக்கும் மிளகுக் கொடியும் சேர்ந்த வீட்டுத் தோட்டம். கேகாலை மாவட்டத்தின் இந்த மேற்குப் பகுதி முழுவதும் இதே அடுக்குத்தான். ஒரு குடும்பத்தின் மூன்று ஏக்கர் நிலத்துக்குள்ளேயே சேறு, சரிவு, சமதரை மூன்றும் இருக்கும். சமதரையில் தெளிவாகத் தெரிந்த விடை இங்கே குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

தெனிய வயலில்

வரக்காப்பொலவைத் தாண்டினால் அம்பேபுஸ்ஸ. குருநாகல், திருகோணமலை வீதி இங்கே பிரிகிறது. கண்டி வீதியிலேயே தொடர்ந்து சென்றால் நெலுந்தெனிய. சிங்களத்தில் ‘நெலும்’ தாமரை; ‘தெனிய’ என்பது இரண்டு குன்றுகளுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஈர வயல். பெயரிலேயே நிலத்தின் இயல்பு இருக்கிறது. ஈர வலயத்து மழை இரு குன்றுகளிலிருந்தும் வழிந்து இந்த ஒடுக்கத்தில்தான் சேர்கிறது. வடிகால் குறைவு, சேறு ஆழம். வரம்புகள் வளைந்து வளைந்து போகின்றன. ஒரு வயல் துண்டு சில பேர்ச்சஸ் அளவே இருக்கும். 160 பேர்ச்சஸ் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். துண்டுக்குத் துண்டு ஓரடி, இரண்டடி உயரம் மாறுகிறது.

இங்கே பெரிய டிரக்டர் எதிர்கொள்ளும் தடைகள் மூன்று. முதலாவது வழி. வயலுக்குப் போகும் பாதை வரம்பின் மேல்தான் போகிறது. ஆறடி அகலத்துக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது திருப்பம். நான்கு சக்கர இயந்திரம் திரும்ப வேண்டிய இடம் அந்தத் துண்டின் பாதியைத் தின்றுவிடும். மூலைகள் உழப்படாமல் மண்வெட்டிக்கு மிஞ்சும். மூன்றாவது எடை. கலப்பையுடன் சேர்த்து இரண்டு டன்னை நெருங்கும் இயந்திரம் அடித்தளம் இறுகாத சேற்றில் அச்சு வரை புதையும். அடித்தளம் இறுகியிருந்தாலும், ஈரத்தில் போகத்துக்குப் போகம் அதே பாரம் ஏறினால் நீரைத் தாங்கி நிற்கும் அந்தக் கடுந்தரை உடையும். அடுத்த போகத்தில் சேறு இன்னும் ஆழமாகும்.

லாண்ட்மாஸ்டரின் எடை சுழல் கலப்பையுடன் சேர்த்து ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ. டயரைக் கழற்றி இரும்புக் கூட்டுச் சில்லு மாட்டினால் சேற்றில் மிதப்பதுபோல் போகும். இரண்டு பலகை போட்டால் வரம்பு தாண்டும். திரும்ப அதன் நீளமே போதும். ஆகவே சிறுபோகத்திலும் பெரும்போகத்திலும் இந்த வயல்களில் கேட்கும் சத்தம் பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டரின் சத்தம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது மனித உடல். சுழல் கலப்பையின் அகலம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீற்றர். ஒரு தடவை உழ 6.7 கிலோமீற்றர் நடக்க வேண்டும். முதல் உழவு, மறு உழவு, சேறாக்கிச் சமப்படுத்தல் என்று மூன்று தடவை என்றால் 20 கிலோமீற்றர். அத்தனையும் முழங்கால் சேற்றில், அதிரும் கைப்பிடியை அழுத்திக்கொண்டு. பிள்ளைகள் துல்ஹிரிய ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கொழும்புக்கும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், 60 வயதைக் கடந்த ஒருவர் இந்தத் தூரத்தை நடக்க வேண்டியிருக்கும். இயந்திரத்தின் குதிரை வலுவைக் கேட்பதற்கு முன் ஓட்டப்போகிறவரின் வயதைக் கேட்பது நல்லது.

லாண்ட்மாஸ்டரைத் தந்தவர்

இந்த இயந்திரத்தின் வரலாறு இலங்கையுடன் நெருங்கிப் பிணைந்தது. சிறு வயல்களுக்கு ஏற்ற இரு சக்கர உழவு இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் ரே விஜேவர்தன என்ற இலங்கைப் பொறியியலாளர். 1924இல் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்தவர், விமானமோட்டி, படகோட்டியாக 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டவர். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் லாண்ட்மாஸ்டர் நிறுவனம் அதைத் தயாரித்தது. பிறகு ஜப்பானின் குபோட்டாவும் சீன இயந்திரங்களும் வந்தன. முதல் பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் இதே வகை இயந்திரத்தைப் பவர் டில்லர் என்கிறார்கள்.

தான் தந்த இயந்திரத்தையே பிற்காலத்தில் கேள்விக்கு உட்படுத்தியவரும் அவரே. ஹாவர்ட் வணிகக் கல்லூரியில் அவர் ஆற்றிய உரையின் முடிவில், நீங்கள் இயந்திரமயமாக்கியது வேளாண்மையையா, எருமையையா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி தன் சிந்தனையைத் திருப்பியது என்று விஜேவர்தன பல தடவை சொல்லியிருக்கிறார். எருமை பால் தரும், சாணம் தரும், கன்று ஈனும். இயந்திரம் டீசல் குடிக்கும், தேயும், உதிரிப்பாகம் கேட்கும். மேற்கு ஆபிரிக்காவில் நைஜீரியாவின் சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் பணியாற்றியபோது அவர் உழாமல் பயிரிடும் முறைகளை ஆராய்ந்தார். நாடு திரும்பியபின், சரிவு நிலத்தில் சீமைக்கிளுவை வேலிகளைச் சம உயரக் கோட்டில் நட்டு மண்ணைக் காக்கும் முறையைப் பரப்பினார். 2010இல் காலமானார். உழவு இயந்திரம் வாங்குபவர் அவர் வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த நிலத்தை உழத்தான் வேண்டுமா?

தெதிகம வழியில், சரிவில்

நெலுந்தெனியவிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே தெதிகம. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பிறந்த இடத்தின் நினைவாக எழுந்தது என்று மரபு சொல்லும் கொட்டவெஹெர தாதுகோபம் இங்கே இருக்கிறது. அதன் அகழ்வில் கிடைத்த யானை விளக்கு புகழ்பெற்றது. எரிய எரிய எண்ணெய் குறையும்போது யானையின் வயிற்றிலிருந்து தானாகவே எண்ணெய் சுரந்து, மட்டம் நிரம்பியதும் நின்றுவிடும். திரவ அழுத்தத்தைப் பழக்கி வேலை வாங்கிய நுட்பம் அது.

நான்கு சக்கர உழவு இயந்திரத்தின் பலமும் அழுத்தப்பட்ட எண்ணெயில்தான் இருக்கிறது. அயர்லாந்துக்காரரான ஹரி பேர்குசன் வகுத்த மும்முனை இணைப்பும் எண்ணெய் அழுத்தத் தூக்கியும் சேர்ந்தவுடன், பின்னால் வெறுமனே இழுபட்டுவந்த கலப்பை இயந்திரத்தின் உடலோடு ஒன்றானது. கலப்பை கடினமான மண்ணில் சிக்கினால் தூக்கி தானாகவே சற்று உயர்த்தும். கலப்பையின் பாரம் பின்சில்லில் இறங்கிப் பிடிப்பைக் கூட்டும். 1960களில் பரவிய மெஸி பேர்குசன் 135 இந்த அமைப்பை மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் இயந்திரத்துடன் தந்தது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் அதே வழிவந்த டிரக்டர்களைச் செய்கிறது. இலங்கை வயல்களில் அவை மிகவும் பழக்கமானவை.

இந்தப் பலமெல்லாம் சமதரைக்கு உரியது. தெதிகம வழியின் இறப்பர்ச் சரிவுகளில் இரண்டு இயந்திரங்களுக்கும் தனித்தனி ஆபத்து உண்டு.

பெரிய டிரக்டர் சரிவுக்குக் குறுக்கே போகும்போது பக்கவாட்டில் கவிழும். கீழ்ச்சில்லு ஒரு குழியில் இறங்குவதும் மேற்சில்லு ஒரு கல்லில் ஏறுவதும் ஒரே நொடியில் நடந்தால் போதும். மரத்தை இழுக்கும்போது சங்கிலியைக் கீழுள்ள இழுவைத் தண்டில் பூட்டாமல் பின்னச்சுக்கு மேலே பூட்டினால், முன்சில்லுகள் எழும்பிப் பின்புறமாகக் கவிழும். புதிய டிரக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் கவிழ்வுச் சட்டகத்தைச் சுவீடன் 1959இலேயே கட்டாயமாக்கியது. அந்தச் சட்டகம் இல்லாத பழைய டிரக்டரைச் சரிவுக்கு வாங்குவது உயிரோடு விளையாடுவது.

லாண்ட்மாஸ்டரின் ஆபத்து வேறு விதம். இடது கைப்பிடியின் கீழுள்ள நெம்பை அழுத்தினால் இடச்சில்லுக்குப் போகும் விசை அறுபடும். வலச்சில்லு தள்ள, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இது சமதரையில். பாரம் ஏற்றிய பெட்டியுடன் இறக்கத்தில் போகும்போது கதை தலைகீழ். பெட்டி பின்னாலிருந்து தள்ளுகிறது. இயந்திரமோ வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. அப்போது இடது நெம்பை அழுத்தினால், விடுபட்ட இடச்சில்லு தடையின்றி ஓடும். இயந்திரத்தோடு பிணைந்த வலச்சில்லு பின்தங்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். அதாவது நினைத்ததற்கு எதிர்ப்பக்கம், பெரும்பாலும் பள்ளத்தின் பக்கம். இறக்கத்தில் அந்த நெம்பைத் தொடாமல், கீழ்க் கியரில், கைப்பிடியை உடலால் தள்ளித் திருப்ப வேண்டும். கிளச்சை விட்டு உருள விடவே கூடாது. வரக்காப்பொல போன்ற மேட்டு ஊரில் லாண்ட்மாஸ்டர் ஓட்டக் கற்பவர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

சரிவை உழுவதைப் பற்றி ஒரே வார்த்தைதான்: வேண்டாம். பெருமழை பெய்யும் இந்த மண்ணில் உழுத சரிவு அடுத்த மழைக்கே வயலுக்கு இறங்கிவிடும். இறப்பர்க் குன்றில் சம உயரக் கோட்டில் குழி வெட்டி நட்டு, இடையே மியூக்குனா போன்ற மூடுபயிர் படரவிட்டு, வடிகாலைத் துப்புரவாக வைத்திருப்பதே முறை. இதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் 2016 மே 17ஆம் திகதி பெருமழையில் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. இந்தக் குன்றுகள் மழையில் எவ்வளவு நொய்ந்து நிற்கின்றன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வீதியிலும் தோட்டத்திலும்

உழவு ஆண்டில் சில நாள் வேலை. மற்ற நாட்களில் உழவு இயந்திரம் சுமக்கும் வேலையே செய்கிறது: விறகு, சாணம், மணல், செங்கல், நெல் மூட்டை, இறப்பர்ச் சீட்டு. தோட்டங்களில் பெரிய டிரக்டரின் இடம் இதுதான். பால் வெட்டு முடிந்ததும் மலைகளில் சேர்ந்த இறப்பர்ப் பாலைத் தாங்கியில் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோவது, புகைக்கூடத்துக்கு விறகு சேர்ப்பது, லயத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது எல்லாம் அதன் வேலை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பெருந்தோட்டங்களில் டிரக்டர் ஓடும் கற்பாதைகள் முன்னரே உள்ளன. பாதை உள்ள இடத்தில் பெரிய டிரக்டர் முழுப் பயன் தரும். பாதை இல்லாத சிறு தோட்டத்தில் கொட்டிலில் நிற்கும்.

லாண்ட்மாஸ்டர் பெட்டி ஒற்றையடிப் பாதையை விடச் சற்றே அகலமான வழியில் நுழையும். வீட்டு வாசல் வரை மணல் கொண்டுவரும். ஆனால் அதன் வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் அளவே. கண்டி வீதியில் பேருந்துகளும் பாரவூர்திகளும் விரையும் நடுவே, பின்விளக்கில்லாத பெட்டியுடன் இருட்டில் போவது பெரும் விபத்துக்கு வழி. பின்விளக்கும் ஒளி திருப்பும் தகடும் மலிவானவை. பூட்டாமல் வீதியில் இறங்கக் கூடாது. பெரிய டிரக்டரில் இடம், வலம் என்று தனித்தனியாக உள்ள இரு பிரேக் மிதிகளையும் வீதிக்கு வருமுன் கொக்கியால் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருபக்கம் மட்டும் பிடித்து வண்டி சுழலும். ஓட்டுநர் அனுமதிப்பத்திரமும் வேறு வேறு: பெட்டியுடன் கூடிய லாண்ட்மாஸ்டருக்கு ஜி1 வகை, பெரிய டிரக்டருக்கு ஜி வகை.

கணக்கு

மணிக்கு இரண்டரை கிலோமீற்றர் நடை, 60 சென்ரிமீற்றர் அகலம், திருப்பத்துக்கும் வரம்புக்கும் மூன்றில் ஒரு பங்கு நேரம் போகும் என்று வைத்தால் லாண்ட்மாஸ்டர் ஓர் ஏக்கரை ஒரு தடவை உழ 4 மணி நேரம் எடுக்கும். மூன்று தடவைக்கு 12 மணி. இரண்டு போகத்துக்கு 24 மணி. ஐந்தடிச் சுழல் கலப்பை பூட்டிய பெரிய டிரக்டர் அதே ஏக்கரின் ஒரு தடவை உழவை, இடம் வாய்த்தால், ஒன்றே கால் மணி அளவில் முடிக்கும். ஆண்டுக்கு 8 மணி நேரம்கூட ஆகாது. ஆண்டில் ஒரு பகல் வேலைக்காக 45 குதிரை வலுவைச் சொந்தமாக வாங்குவது கடனை வாங்குவதுதான். டீசலும் கணக்கில் சேரும். லாண்ட்மாஸ்டர் மணிக்கு ஒன்று, ஒன்றரை லீற்றர் குடிக்கும். பெரியது வேலையைப் பொறுத்து அதைப்போல் மூன்று மடங்கு. 2022இல் டீசல் வரிசையில் நின்று, கியூஆர் அட்டைப் பங்கீட்டுக்குக் காத்திருந்த எந்தக் கமக்காரருக்கும் இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியும் உண்டு: 20 முதல் 27 குதிரை வலுவுள்ள சிறிய நான்கு சக்கர டிரக்டர். நான்கு சில்லும் இழுக்கும் வகையில் குபோட்டா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. எடை பெரும்பாலும் ஒரு டன்னுக்குக் கீழ். அகன்ற துண்டுகளும் ஓரளவு பாதையும் உள்ள, சேற்றில் நடக்க உடல் இடங்கொடாத வீட்டுக்கு இது பொருந்தும். ஒடுங்கிய தெனியவில் இதுவும் முடங்கும்.

பழைய இயந்திரம் வாங்குவோர் பார்க்க வேண்டியவை சில. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பிப் பார்க்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஐயப்படலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரிய டிரக்டரில் கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு இயந்திரத்தை நிறுத்தினால், கலப்பை பொத்தென்று இறங்கக் கூடாது. லாண்ட்மாஸ்டரில் இரு பக்க நெம்புகளும் விடுபட்டு மீண்டும் சுத்தமாகப் பிடிக்கின்றனவா, வீ பட்டிகள் வெடித்திருக்கின்றனவா, சுழல் கத்திகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டிலும் இயந்திர இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். உதிரிப்பாகமும் திருத்துநரும் வரக்காப்பொலவிலோ கேகாலையிலோ கிடைக்கும் வகையா என்பது கடைசிக் கேள்வி. ஆனால் கனமான கேள்வி.

முடிவு

வரக்காப்பொல வட்டாரத்தில் இரண்டு ஏக்கருக்குக் குறைந்த தெனிய வயலும் வீட்டுத் தோட்டமும் உள்ளவருக்கு, உடலில் வலுவுள்ள ஓட்டுநர் வீட்டில் இருந்தால், லாண்ட்மாஸ்டரே சரி. ஓட்ட ஆளில்லாதவர் எதையும் வாங்காமல் கூலிக்கு உழுவிப்பது நல்லது. பத்து ஏக்கருக்கு மேல் சமமான தென்னை, அல்லது டிரக்டர்ப் பாதை உள்ள இறப்பர்த் தோட்டம் இருந்தால் கவிழ்வுச் சட்டகம் உள்ள நான்கு சக்கரம் தகும். இடைப்பட்டவர்கள் கூடி வாங்கலாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமக்காரர் அமைப்புகள் அதற்கு ஏற்ற இடம். ஊரின் கமநல சேவை நிலையத்தில் பேச்சைத் தொடங்கலாம்.

எதை வாங்கினாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு தடவை உங்கள் நிலம் முழுவதும் நடந்து பாருங்கள். கால் புதையும் இடத்தில் பெரிய டிரக்டர் புதையும்; கால் வழுக்கும் இடத்தில் எந்த உழவு இயந்திரமும் இறங்கக் கூடாது.